சைக்கிள் ஸ்டாண்டு சத்தம்

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. மாமனார் குடித்தே செத்தவர். “அந்த ஆளு மாதிரி ஆக மாட்டேன்” என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னவர், இன்று குவார்ட்டர் இல்லாமல் தூங்குவதில்லை. அப்பாவின் குடியால் அத்தனை அடி வாங்கியவர் எப்படிக் குடிக்கிறார்? ரத்தத்திலேயே இருக்கிறதா? என் மகனுக்கு 9 வயது. பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், தேனி.

பதில்: அடி வாங்கியதாலும்தான் அம்மா.

என் அப்பாவும் குடிப்பார். ராத்திரி பாயில் கிடந்தபடி அவர் சைக்கிள் சத்தத்துக்குக் காத்திருப்பேன். ஸ்டாண்டு ஒரே உதையில் நின்றால் அளவாகக் குடித்திருக்கிறார். இரண்டு மூன்று தடவை உரசினால் தங்கச்சியை எழுப்பிப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் வயிறு இறுகுகிறது. இப்படி விறைத்தே வளர்ந்த உடம்பை முதல் பெக் அரை மணியில் தளர்த்திவிடும். எனக்கு அது 22 வயசில், ஒரு கல்யாண வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு பிடித்துப்போனதுதான் பயம்.

ரத்தம் என்பது பாதி உண்மை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் பரம்பரைக்கு ஏறக்குறைய பாதிப் பங்கு தருகின்றன. மிச்சம் வளர்ந்த வீடு, குடிக்கத் தொடங்கிய வயசு இப்படி. அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரு டாக்டர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில் அடி, வசவு, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது என்று சின்ன வயசுத் துயரங்களை எண்ணினார்கள். நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோய் வாய்ப்பு, ஒன்றும் படாதவர்களைவிட 7 மடங்கு.

ஆனாலும் குடிப்பவர் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடிநோயாளி ஆவதில்லை. மகனை சோடா வாங்க அனுப்பாதீர்கள். “அப்பாவுக்குத் தலைவலி” என்று பொய்யும் வேண்டாம், அவனுக்கு எல்லாம் தெரியும். இது வியாதி, உன்னால் வந்ததில்லை என்று சொல்லுங்கள். கணக்கில் மார்க் குறைந்ததால்தான் அப்பா குடிக்கிறார் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கணவரை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். குடி, போதையிலிருந்து மீள உதவும் அரசு எண் 14446க்கும் பேசலாம், காசில்லை. சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்தெல்லாம் ஆபத்து.

ராத்திரி எந்தச் சத்தத்துக்கு முழிப்பு வருகிறது என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். வண்டிச் சத்தம் என்று சொன்னால் அதைக் கணவர் குடிக்காத ஒரு காலையில் அவர் காதில் போடுங்கள். அவருக்கு விளக்க வேண்டியிருக்காது.