பாடகர் குழுவை விட்டு விலக வேண்டுமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பாளையங்கோட்டைக்கு அருகிலுள்ள உங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டாரத்தில்) சிறுவயது முதல் பாடகர் குழுவில் பாடிவருவதாகவும், தன்பால் ஈர்ப்புடையவர் என்று வீட்டில் சொன்னபின் உங்களை மாற்றுவதற்காக உபவாச ஜெபத்துக்கும் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லவிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்களைப் போன்ற ஒருவர் போதகராக இருந்ததுண்டா என்றும் கேட்டிருந்தீர்கள்.

உண்டு. டிராய் பெர்ரி என்னும் போதகர், தன்பால் ஈர்ப்பின் காரணமாகத் தம் பெந்தெகொஸ்தே சபையிலிருந்து விலக்கப்பட்ட பின்னரும் ஊழியத்தைக் கைவிடாமல், 1968 அக்டோபர் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே தம் வீட்டிலேயே 12 பேருடன் ஆராதனையைத் தொடங்கினார். அந்தச் சபை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. தன்பால் ஈர்ப்புடையவர் என்று வெளிப்படையாக அறிவித்திருந்த ஜீன் ராபின்சன் 2003இல் அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையில் பேராயராக அபிஷேகம் பெற்றபோது, கொலை மிரட்டல்களால் அங்கிக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தார். நம் தென்னிந்தியத் திருச்சபையைப் போலவே அதுவும் ஆங்கிலிக்கன் ஐக்கியம் என்னும் உலகத் திருச்சபைக் கூட்டமைப்பைச் சேர்ந்தது என்பதை உங்கள் தந்தையாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

உங்களை மாற்றுவதற்காக மருத்துவரிடம் அழைத்தால், மறுக்கத் தயங்கவே வேண்டாம். பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடைசெய்துள்ளது. அவ்வாறு சிகிச்சை தர எவரேனும் முன்வந்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

பாடகர் குழுவை விட வேண்டாம். அசனப் பண்டிகையில் எல்லோருடனும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் உரிமை உங்களுக்கும் உண்டு. ஆனால் சேகரம் முழுவதற்கும் இப்போதே சொல்ல வேண்டியதில்லை. படிப்புச் செலவுக்கு வீட்டையே நம்பியிருப்பதால், ரகசியம் காக்கும் ஒருவரிடம் மட்டும் முதலில் பேசுங்கள். அம்மாவுக்குச் சற்றுக் காலம் கொடுங்கள்.