குட்டி இறந்த வீட்டில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சில ஆண்டுகளாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. மீட்கப்பட்ட நாய்களுக்கு நிரந்தர வீடு கிடைக்கும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஃபாஸ்டர் வேலையைச் சென்ற ஆண்டு தொடங்கினேன். மூன்று நாய்களை நல்ல இடங்களுக்கு அனுப்பினேன். நான்காவதாக வந்தது இரண்டு மாதக் குட்டி. உடம்பெல்லாம் அழுக்காக இருந்ததால் வந்த அன்றே குளிப்பாட்டினேன். மறுநாள் அது சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள் வாந்தி எடுத்தது, பிறகு இரத்தமாகப் போக ஆரம்பித்தது. பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார்கள். டிரிப்ஸ் ஏற்றியும் நாலாவது நாள் விடிகாலையில் போய்விட்டது. குளிப்பாட்டியதால்தான் போயிற்றோ என்று நினைத்து நினைத்து தூக்கமே வருவதில்லை. ஒரு தடுப்பூசி போட்டிருந்தார்கள். இருந்தும் காப்பாற்றவில்லையே, இந்த ஊசிகளெல்லாம் ஏமாற்று வேலையா?

வீட்டில் "தெருநாய்தானே, அதுவும் நம்முடையதுகூட இல்லை" என்கிறார்கள். மீட்புக் குழுவினர் என் மனம் மாறட்டும் என்று இந்த வார இறுதியில் இரண்டு குட்டிகளைக் கொண்டுவருவதாகச் சொல்கிறார்கள். குட்டி போய் மூன்று வாரம்தான் ஆகிறது. வீட்டின் வெறுமை தாங்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் இன்னொன்றை எடுப்பது அந்தக் குட்டிக்குச் செய்யும் துரோகமா? நாய்களுக்கு மறுபிறவி உண்டா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்த இரண்டு குட்டிகள். வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். கடிதத்தைப் பாதி படிக்கும்போதே தொலைபேசி எண் இருக்கிறதா என்றுதான் தேடினேன்.

துரோகமா இல்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் வீட்டுத் தரையில் இப்போது பார்வோ இருக்கிறது. குட்டி படுத்த துணி, அது வாந்தி எடுத்த மூலை, வெளியே கொண்டுபோய் விட்ட மண், உங்கள் செருப்பின் அடி, எல்லாவற்றிலும் இருக்கிறது. உடம்புக்கு வெளியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் வைரஸ் அது. நிழலான, ஈரமான மண்ணில் ஓராண்டுக்கு மேல்கூடத் தாங்கும். மணக்க மணக்கத் தரை துடைக்கும் திரவங்கள் பல அதை ஒன்றும் செய்வதில்லை. அழுக்கை முழுக்கத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அப்படிச் செய்தால் தரையில் இருப்பது சாகும். மண்ணை அப்படிக் கழுவ முடியாது. ஊசி முடியாத இரண்டு குட்டிகளை அங்கே கொண்டுவந்து இறக்கினால் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டீர்கள்.

உங்கள் குழுவினர் மேல் எனக்குக் கோபம்தான். ஃபாஸ்டர் வைப்பவரின் துக்கம் ஆறட்டும் என்று குட்டிகளை அனுப்புகிறவர்கள் அந்தக் குட்டிகளைப் பற்றி யோசிக்கவில்லை. கொஞ்சம் கோபம் உங்கள் மேலும் இருக்கிறது. "வெறுமை தாங்கவில்லை" என்பதற்காக ஒரு உயிரை வீட்டுக்குள் அழைக்கக் கூடாது. அது உங்களுக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. பசியோடும் பயத்தோடும் வருகிறது. அதன் தேவைகளைப் பார்க்கவே உங்களுக்கு முழு மனது வேண்டும்.

சரி, குளிப்பாட்டியது. இல்லையம்மா, அதனால் பார்வோ வரவில்லை. கிருமி உள்ளே போய் நோயாக வெளிப்படப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். உங்கள் குட்டி மறுநாளே சாப்பிடாமல் படுத்தது. அப்படியென்றால் உங்கள் வாசலுக்கு வரும் முன்பே அதன் உடம்பில் வைரஸ் வேலையைத் தொடங்கிவிட்டது. குடலின் உள்சுவரைப் புதுப்பிக்கிற செல்களையும் எலும்பு மஜ்ஜையையும் அது தாக்கும். குடல் கரையக் கரைய நீர் வெளியேறும், எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளை அணுக்களும் குறைந்துகொண்டே போகும். டிரிப்ஸ் ஏற்றுவது அந்த உடம்பு தானே மீள அவகாசம் வாங்கித் தருவதற்குத்தான். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. சில பிழைப்பதில்லை. இந்தக் கணக்கில் உங்கள் குளியலுக்கு இடமே இல்லை. வந்த அன்றே எந்தக் குட்டியையும் குளிப்பாட்ட வேண்டாம், அதற்குக் குளிர் தாங்காது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். அது அடுத்த முறைக்கான விஷயம். இந்தச் சாவோடு அதைச் சேர்த்துக் கட்டாதீர்கள்.

தடுப்பூசி ஏமாற்று என்று மட்டும் இனி எங்கேயும் எழுதாதீர்கள். துக்கத்தில் சொன்னதுதான் என்றாலும் நாலு பேர் அதைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்துவார்கள். இந்த நோய் 1978-ல் உலகெங்கும் பரவியபோது அதை எதிர்க்கும் சக்தி எந்த நாயிடமும் இல்லை. கொத்துக் கொத்தாகச் செத்தன. இன்று வளர்ந்த நாய்கள் தப்பிப்பது பெரும்பாலும் ஊசியால்தான். ஒரே ஊசி போதாமல் போவதற்குக் காரணம் தாய்ப்பால். சீம்பாலோடு தாயின் எதிர்ப்புச் சக்தியும் குட்டிக்குள் போகிறது. அது இருக்கும்வரை ஊசி மருந்தையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடும். அது வடிகிற நாள் குட்டிக்குக் குட்டி மாறும். ஊசியைத் தடுக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கும், நோயைத் தடுக்கிற அளவுக்கு இருக்காது, அப்படி ஒரு இடைவெளி வரும். உங்கள் குட்டி மாட்டிக்கொண்டது அதிலாக இருக்கலாம். அதனால்தான் ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

"தெருநாய்தானே" என்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். நேரம்தான் வீண். மறுபிறவிக்கும் என்னிடம் பதில் இல்லை, தேடவும் போவதில்லை.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. வயதான நாய்களைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஃபாஸ்டர் என்றாலே எல்லோரும் குட்டியைக் கேட்கிறார்கள். குட்டிக்கு வீடு கிடைக்கும், அனுப்பும்போது படம் எடுக்கலாம், அழுதாலும் அது நல்ல அழுகை. பத்து வயது தாண்டிய நாய் காப்பகத்துக் கூண்டின் பின்சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. கேட்கிறவர்களும், "எவ்வளவு நாள் இருக்கும்?" என்று விசாரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அப்படி ஒருத்தியை நான் கொண்டுவந்தேன். வீடு மாறிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன நாய். கிழவி என்றே கூப்பிட்டோம், கடைசிவரை அதுதான் பெயர். தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு நகரமாட்டாள். குடிப்பாள், போவாள், மறுபடி குடிப்பாள். வாயருகே குனிந்தால் மூத்திரம் போல ஒரு நெடி வரும். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் என்று தெரிந்தது. அந்த நோயின் தன்மையே அப்படி. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செயலிழந்த பிறகுதான் அது வெளியே காட்டிக்கொள்ளும்.

தோலுக்கடியில் நீர் ஏற்ற டாக்டர் சொல்லிக்கொடுத்தார். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அடியில் ஊசியைச் செருகினால் நீர் இறங்கும். முதுகில் ஒரு திமில் எழும்பும். மாலைக்குள் அந்தத் திமில் மெல்லச் சரிந்து ஒரு முன்னங்காலுக்கு வந்து தொங்கும். ஒரு கால் மட்டும் தடித்து, தளும்பத் தளும்ப நடந்து வருவாள். காலையில் பார்த்தால் உடம்பு அதை உறிஞ்சியிருக்கும். நீர் ஏற்றும்போது அசையமாட்டாள். என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைத் தொடுகிற கைகளை அவள் அந்த அளவுக்கு நம்பினாள். கைவிடப்பட்ட நாய் இனி யாரையும் நம்பாது என்று எழுதுகிறவர்களை ஒருமுறை அவள் எதிரில் உட்காரவைக்க ஆசைப்பட்டேன்.

துக்கம் அவள் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. பாத்திரத்தில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கும்போது அழுகை வரும். சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பினால் அன்று முழுக்க வேறு வேலை ஓடாது. முதிய நாயின் சாவு லேசானது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதில் "நான் அப்படிச் செய்திருந்தால்" என்ற கேள்விக்கு இடம் குறைவு. என்ன நடக்கப்போகிறது என்பது கூட்டி வரும்போதே தெரியும். செய்ய வேண்டியது, அந்த நாட்களில் வலியும் பயமும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. அதைச் செய்ய முடியும். குட்டியை நிச்சயம் காப்பாற்றுவேன் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கிழட்டு நாயிடம், நீ தனியாகப் போகமாட்டாய் என்று வாக்குக் கொடுக்கலாம், காப்பாற்றவும் செய்யலாம்.

இனி மீளாத நாயை வலியில்லாமல் அனுப்பிவைக்கும் அந்தக் கடைசி ஊசியைப் போடும்போது அறையைவிட்டு வெளியே போய்விடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "என்னால் பார்க்க முடியாது" என்கிறார்கள். நாய் கதவைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். முதலில் மயக்க மருந்து கொடுப்பார்கள். நன்றாகத் தூங்கிய பிறகுதான் இதயத்தை நிறுத்தும் மருந்து. அந்த முதல் சில நிமிடங்கள்தான் அதற்கு நினைவிருக்கிற கடைசி நிமிடங்கள். பழகிய ஒரு கை அப்போது பக்கத்தில் இருக்க வேண்டும். முடிந்த பிறகு கண்கள் மூடாமல் இருக்கலாம், இதயம் நின்ற பின்னும் ஒரு மூச்சு இழுத்துவிடலாம், சிறுநீர் போகலாம். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் பயப்பட மாட்டீர்கள். கிழவியும் கண்ணை மூடவில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டுத் தலையசைத்த பிறகும் அவள் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே என் யோசனை இதுதான். அழுது முடியுங்கள், எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். மறுபடி ஒரு நாயைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்போது, தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்ட, வயதான நாயைக் கேளுங்கள். குட்டிகள் மிதிக்கக் கூடாத அந்தத் தரையில் அது நடக்கலாம். ஊசி போட்ட விவரம் தெரியாத நாய் என்றால் முதலில் அதை டாக்டரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். வயதான நாயைக் கேட்டால் உங்கள் குழுவினர் ஆச்சரியப்படுவார்கள். கொடுக்கத் தயங்கமாட்டார்கள், அவர்களிடம் இருக்கும்.

கூட்டி வரும் முன் ஒன்றை மட்டும் பேசி முடித்துவிடுங்கள். பொதுவாக ஃபாஸ்டரில் இருக்கும் நாய்க்கு உரிமையாளர் அந்தக் குழுதான். சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவர்கள்தான் தொலைபேசியில் முடிவு செய்வார்கள், இரவு முழுக்கக் கூட உட்கார்ந்திருப்பவர் நீங்கள். வலி கூடினால் யார் முடிவெடுப்பது, எந்த டாக்டர், செலவு யாருடையது, கடைசி ஊசி போடும்போது நீங்கள் உடன் இருக்கலாமா, உடலை யார் எடுத்துப் போவது என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்கும்போது அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், உங்களுக்கும் இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு குழுவைப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா