ஒப்புக்கொண்ட கூலியும் அநீதியாகுமா?

முரண்பாடு இல்லை. திருத்தந்தை (போப்) 13ஆம் லியோ தொழிலாளர் நிலை குறித்து 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் தனியுடைமையை ஆதரித்துவிட்டு, தொழிலாளி ஒப்புக்கொண்ட கூலியையும் அநீதி என்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். உழைப்புக்கு அம்மடல் இரண்டு தன்மைகளைக் காண்கிறது. உழைப்பு ஒருவரின் சொந்த ஆற்றல் என்பதை மட்டும் பார்த்தால் எந்தக் கூலிக்கும் அவர் இசையலாம். ஆனால் உழைக்காமல் உயிர்வாழ முடியாது என்பதால், சிக்கனமாக வாழ்பவருக்கே போதாத கூலியை அவர் வேறு கதியின்றி ஏற்கும்போது, அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் இரையாகிறார்.

சோசலிசத்தை மறுத்துத் தனியுடைமையை ஆதரிக்கும் தொடக்கப் பகுதியை மட்டும் தனியே படித்ததால் இக்குழப்பம் வந்திருக்கலாம். பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

அந்தப் பகுதியையே மறுபடி பாருங்கள். கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய நிலம், வேறு வடிவில் இருக்கும் கூலியே என்று வாதிடுகிறது மடல். அப்படியானால் மிச்சம் பிடிக்கவே முடியாத கூலி, உடைமைக்கான வழியையும் அடைத்துவிடுகிறது அல்லவா? பின்னர், உடைமை வைத்திருப்பதையும் அதைப் பயன்படுத்துவதையும் பிரித்துக்காட்ட இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸை மேற்கோள் காட்டும் இடத்தைச் சேர்த்துப் படியுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: மடல் எந்தத் தொகையையும் நிர்ணயிக்கவில்லை. 1931இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் (பயஸ்) வெளியிட்ட ‘குவாட்ரஜெசிமோ அன்னோ’ சுற்றுமடல் குடும்பத்துக்குப் போதுமான கூலியை வலியுறுத்தினாலும், நிறுவனத்தின் நிலைமையையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது.