அலை பாய்ச்சும் முன்பே வெப்பப்படம் சூடு காட்டினால்

கேள்வி: கர்ப்பப்பை ஃபைப்ராய்டுக்கு 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ துணையோடு குவி அல்ட்ராசவுண்ட் (ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவித்துத் திசுவைச் சுடும்) சிகிச்சை தருகிறோம். அலை படாத தசையிலும் எம்ஆர்ஐ தரும் வெப்பப்படம் 3, 4 டிகிரி உயர்வு காட்டுகிறது. நேரம் போகப் போகக் கூடுகிறது. எங்கே கோளாறு?

பதில்: பெரும்பாலும் காந்தப்புலம் நகர்வதுதான். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நீரின் புரோட்டான் அதிர்வெண் பத்து லட்சத்தில் 0.01 பங்கு குறையும். உங்கள் கருவியில் அது சுமார் 0.64 ஹெர்ட்ஸ். கிரேடியன்ட் சுருள்கள் (படமெடுக்கும்போது புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் கம்பிச் சுருள்கள்) சூடாகி, புலம் பத்து லட்சத்தில் 0.04 பங்கு நகர்ந்தாலே 4 டிகிரி பொய்ச்சூடோ பொய்க்குளிர்ச்சியோ வந்துவிடும்.

முதலில் அலை பாய்ச்சாமல் மூன்று நிமிடம் படமெடுத்து, தசையில் ஓரிடத்தின் சராசரியை நேரவாக்கில் வரையுங்கள். ஒரே பக்கம் சாய்ந்தால் புல நகர்வு. ஏறி இறங்கினால் மூச்சு அல்லது குடல் அசைவு. சராசரி நிலையாக இருந்து பிக்சல்கள் மட்டும் சிதறினால் சிக்னல் போதவில்லை. ஒரு படத்துக்கு 3, 4 வினாடி பிடித்தால் மூச்சின் ஏற்ற இறக்கம் மெதுவான அலையாக உருமாறித் தெரியும். அரை நிமிடப் பதிவைப் பார்த்து அதைச் சாய்வு என்று எண்ணிவிடாதீர்கள்.

புல நகர்வுக்கு மருந்து, ஒவ்வொரு படத்திலும் குவியத்துக்கும் (அலைகள் குவியும் இடம்) அலைப்பாதைக்கும் வெளியே உள்ள பிக்சல்களின் ஃபேஸ் (சிக்னல் அலையின் கோணம், அதிர்வெண் மாறினால் இதுவும் மாறும்) மாற்றத்துக்கு ஒரு சாய்தளம் பொருத்தி, அதை முழுப் படத்திலிருந்தும் கழிப்பது. எங்கும் ஒரே எண்ணைக் கழித்தால் போதாது, நகர்வு இடத்துக்கு இடம் மாறும். குவியத்தின் ஓரம் இந்தக் கணக்கில் நுழைந்தால் உண்மையான சூடும் சேர்ந்து கழிந்துவிடும். சூடேறாத கொழுப்பு இதற்கு நல்ல சாட்சி: அதன் அதிர்வெண் வெப்பத்துக்கு ஏறக்குறைய அசையாது, புலத்துக்கு மட்டும் அசையும். அதே கொழுப்பு நீரோடு ஒரே வோக்சலில் (படத்தின் ஒரு சிறு கன அலகு) கலந்திருந்தால் அளவீடே கெடும். அங்கே கொழுப்பு ஒடுக்கல் (கொழுப்பின் சிக்னலை அடக்கிப் படமெடுப்பது) தேவை.

சிக்னல் குறைவென்றால் எக்கோ நேரத்தை (தூண்டியதிலிருந்து சிக்னலைப் பதிவு செய்யும் வரையிலான இடைவெளி) பாருங்கள். 10 மில்லிவினாடியில் ஒரு டிகிரிக்கு ஃபேஸ் 2.3 பாகைதான் மாறும், 20-இல் 4.6. திசுவின் டி2 ஸ்டார் (சிக்னல் தேயும் நேரம்) அளவைத் தாண்டினால் மேலும் நீட்டிப் பயனில்லை.

ஒவ்வொரு பாய்ச்சலுக்கு முன்பும் புதிய அடிப்படைப் படம் (பிந்தைய படங்களை ஒப்பிட வைத்துக்கொள்ளும் படம்) எடுங்கள். எடுத்தபின் ஷிம்மையோ (புலத்தைச் சீராக்கும் அமைப்பு) கருவியின் மைய அதிர்வெண்ணையோ தொடாதீர்கள். பலர் தவறுவது அந்த அடிப்படைப் படத்தை எப்போது எடுப்பது என்பதில்தான். இந்த முறை வெப்ப வித்தியாசத்தை மட்டுமே அளக்கும். முந்தைய பாய்ச்சலின் சூடு ஆறுமுன் அடிப்படைப் படம் எடுத்தால் 40 டிகிரித் திசுவைக் கருவி 37 என்றே கணக்கிடும். 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் வெப்ப டோஸ் (திசு எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் பெற்றது என்ற கணக்கு) இரட்டிப்பதால், அந்த 3 டிகிரி டோஸை எட்டு மடங்கு குறைத்துக் காட்டும்.