கம்பியில் வரும் வேகம் வைஃபையில் ஏன் குறைகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வசிக்கிறோம். எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பு 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) திட்டத்தில் உள்ளது. கீழ்க்கூடத்தில் இருக்கும் ரவுட்டரில் மகனின் மடிக்கணினியை லேன் கேபிளால் இணைத்து அளந்தால் 94 வருகிறது. அதே மடிக்கணினியை மாடி அறைக்குக் கொண்டுபோய் வைஃபையில் அளந்தால் 25க்கு மேல் ஏறுவதில்லை. மாலையில் இன்னும் குறைந்துவிடுகிறது. கோயம்புத்தூர் கல்லூரியில் படிக்கும் அவனுக்கு இணையவழித் தேர்வுகள் உண்டு என்பதால் கவலையாக இருக்கிறது. இணைப்பு கொடுத்தவரிடம் சொன்னால், "லைன் சரியாகத்தான் இருக்கிறது" என்கிறார். நாங்கள் ஏமாற்றப்படுகிறோமா?
– ஓர் ஆசிரியை, பாலக்காடு மாவட்டம்

பதில்: நீங்கள் ஏமாற்றப்படவில்லை. கம்பியில் 94 வருகிறதென்றால், நீங்கள் பணம் கட்டும் வேகம் முழுமையாக வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள். தரவு சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொட்டலமும் முகவரியையும் சரிபார்ப்பு எண்களையும் சேர்த்தே சுமப்பதால், 100 மெகாபிட் கேபிளில் நம் பயனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 94தான். எஞ்சிய இழப்பு முழுவதும் ரவுட்டருக்கும் மாடி அறைக்கும் இடையில் நிகழ்கிறது. அந்த இடைவெளிக்கு இணைப்பு கொடுத்தவர் பொறுப்பல்லர் என்றாலும், அதைப் பொறுமையாக விளக்கிச் சொல்லியிருக்கலாம்.

லேன் கேபிளுக்குள் நான்கு இணை செப்புக் கம்பிகள் முறுக்கி வைக்கப்பட்டுள்ளன. 100 மெகாபிட் வேகத்தில் ஓர் இணை அனுப்புவதற்கும் இன்னோர் இணை பெறுவதற்கும் பயன்படுவதால், இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் தரவு ஓடுகிறது. அந்தக் கேபிளில் வேறு எந்தக் கருவியும் பங்கு கேட்பதில்லை. வைஃபையிலோ, ஒரு சேனலில் (அலைவரிசையின் ஒரு பகுதியில்) ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு கருவிதான் அனுப்ப முடியும். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையிலான ஒற்றை ரயில் பாதையில், எதிரே வரும் ரயில் கடந்து போகும்வரை நம் ரயில் நிலையத்தில் நின்றே ஆக வேண்டும். வைஃபையில் ரவுட்டர் அனுப்பும்போது மடிக்கணினியும் கைப்பேசியும் தொலைக்காட்சியும் அவ்வாறே காத்திருக்கின்றன.

காத்திருப்பு அதோடு முடிவதில்லை. வைஃபை போல வானொலி அலையில் பேசும் கருவி, தான் அனுப்பிக்கொண்டிருக்கும்போது பிறர் அனுப்புவதைக் கேட்க இயலாது. தன் அலையின் வலிமையில் தொலைவிலிருந்து வரும் மெல்லிய அலை மூழ்கிவிடும். ஆகவே இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொண்டால், அந்த மோதலை அப்போதே அறிய வழியில்லை. இதைத் தவிர்க்க ஒவ்வொரு கருவியும் முதலில் சேனல் காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறது, பிறகு தற்செயலாகத் தேர்ந்த ஒரு சிறு இடைவெளி காத்திருக்கிறது, அதன் பின்னரே அனுப்புகிறது; பெற்றுக்கொண்ட கருவி "வந்து சேர்ந்தது" என்று ஒப்புகை அனுப்ப வேண்டும், ஒப்புகை வராவிட்டால் மறுபடியும் அனுப்ப வேண்டும். இத்தனை நடைமுறைகளும் நேரத்தைத் தின்பதால், கணினித் திரையில் வைஃபை இணைப்பு வேகம் என்று காட்டப்படும் எண்ணில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் பெரும்பாலும் கைக்குக் கிடைக்கும். வைஃபையின் பிந்தைய தலைமுறையான வைஃபை 6 ஒரே சேனலைக் கூறுபோட்டுப் பல கருவிகளுக்குப் பகிர்ந்து இந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது, முற்றிலும் நீக்கிவிடவில்லை.

இதன் வரலாற்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் தலைமையிலான குழு, தீவுகளுக்கிடையே கணினித் தரவை வானொலி வழியாக அனுப்பும் அலோகாநெட் என்ற வலையமைப்பை இயக்கிக் காட்டியது. யார் வேண்டுமானாலும் நினைத்த நேரத்தில் அனுப்பலாம் என்ற அந்த முறையில், மோதல்களின் காரணமாகச் சேனலின் திறனில் ஏறத்தாழ 18 விழுக்காடுதான் அதிகபட்சமாகப் பயன்பட்டது. அந்த எண்ணத்தைக் கம்பிக்குக் கொண்டுவந்து, ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் 1973இல் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கினார். தொடக்கக் கால ஈதர்நெட்டிலும் எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைத்தான் பகிர்ந்துகொண்டன. 1990களில், தரவை உரிய கணினியின் கம்பிக்கு மட்டும் அனுப்பும் சுவிட்ச் என்னும் கருவி பரவிய பிறகு, ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி என்றாகி, மோதல் என்ற பேச்சே அங்கு இல்லாமல் போயிற்று. வைஃபைக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை. கம்பிகளை வேண்டிய மட்டும் தனித்தனியாக இழுத்துக்கொள்ளலாம்; காற்றை அப்படிப் பிரித்துக் கொடுக்க முடியாது.

இனி உங்கள் மாடி அறைக்கு வருவோம். திறந்த வெளியிலேயே தொலைவு இரண்டு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகிவிடும். உங்கள் பகுதியின் பழைய வீடுகளில் உள்ள தடித்த வெட்டுக்கல் சுவர்களும், இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட் தளமும் அதை மேலும் வெகுவாகக் குறைக்கின்றன. அலை மெலிந்தால், பிழையின்றிப் பேசுவதற்காகக் கருவிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வைஃபை அலைவரிசைகளில் ஒன்றான 2.4 ஜிகாஹெர்ட்ஸில், வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், ஒற்றை ஆன்டெனா கொண்ட கைப்பேசிக்கு 72 மெகாபிட்டிலிருந்து படிப்படியாக 7 மெகாபிட் வரை இந்த இறக்கம் உண்டு.

பலரும் அறியாத ஒன்று இதிலிருந்து விளைகிறது. தொலைவான அறையிலிருக்கும் ஒரு பழைய கைப்பேசி 7 மெகாபிட்டில் பேசினால், அதே அளவு தரவுக்குச் சேனலை ஏறத்தாழ பத்து மடங்கு நேரம் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரமெல்லாம் ரவுட்டரின் அருகிலேயே இருக்கும் வேகமான கருவியும் சும்மா நிற்க வேண்டியதுதான். வீட்டில் ஒரே ஒரு கருவி மெதுவாக இருந்தாலும் எல்லாருக்கும் வேகம் குறைவது இதனால்தான்.

மாலையில் மேலும் குறைவதற்குப் பெரும்பாலும் அண்டை வீடுகளின் வைஃபையே காரணமாக இருக்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் ஒருசேர இயங்கக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. நான்காவது வீட்டில் ரவுட்டர் வைத்தாலே ஒரு சேனலைப் பகிர வேண்டியதாகிறது. 5 ஜிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், நெரிசல் குறைவு, வேகமும் கூடுதல். ஆனால் சுவரைத் துளைப்பதில் அது பின்தங்கியது. இந்த இரண்டு அலைவரிசைகளிலும் இயங்கும் இரு பேண்ட் ரவுட்டர்களின் பெட்டியில் 1200 என்று அச்சிடுவது, ஒரு பேண்டின் 300ஐயும் மற்றொன்றின் 867ஐயும் கூட்டி முழு எண்ணாக்கியதே. எந்த ஒரு மடிக்கணினியும் அந்த வேகத்தைக் காணப் போவதில்லை. வாங்குபவரிடம் இப்படிக் கூட்டிச் சொல்வது முறையன்று என்பது என் கருத்து.

உங்களுக்கு நான் சொல்லும் வழி, தேர்வு எழுதும் மேசை வரை ஒரு கேபிள் இழுத்துவிடுவதே. கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் வேலை செய்யும். அலுமினியத்தின்மேல் செப்பு பூசிய மலிவான கேபிளைத் தவிர்த்து முழுச் செப்பு கேபிளாகக் கேட்டு வாங்குங்கள்; மின் கம்பி செல்லும் குழாயிலேயே இதையும் நுழைக்க வேண்டாம். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் உங்கள் பக்கம் இடி மின்னல் கடுமையாக இருக்கும் என்பதால் கேபிளை வீட்டுக்குள்ளேயே கொண்டுசெல்வதும், இடி கேட்டதும் இரு முனைகளையும் கழற்றிவிடுவதும் நல்லது. ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, செப்பு கடத்தும்.

கேள்வி: மாடிக்கு வைஃபை எட்டாததால் ரிப்பீட்டர் வாங்கி வைத்தோம். இப்போது சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன. வேகம் மட்டும் கூடவில்லை. ஏன்?
– ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: அந்தக் கோடுகள் உங்கள் கைப்பேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலான வலிமையைத்தான் காட்டுகின்றன. அலையை அனுப்பவும் பெறவும் ஒரே ஒரு வானொலிப் பகுதி மட்டும் கொண்ட ரிப்பீட்டர், ரவுட்டரிடமிருந்து பெற்ற ஒவ்வொரு பொட்டலத்தையும் அதே சேனலில் மறுபடி அனுப்புகிறது. ஒரு செய்திக்கு இருமுறை சேனல் பிடிக்கப்படுவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது. ரிப்பீட்டரைச் சிக்னல் செத்த அறையில் வைக்காமல், ரவுட்டரின் சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கும் மாடிப்படித் திருப்பம் போன்ற இடத்தில் வைத்துப் பாருங்கள். கேபிள் வழியாக ரவுட்டருடன் இணைக்கும் வசதி அதில் இருந்தால் அவ்வாறே இணைத்துவிடுங்கள். இந்தப் பாதி இழப்பு அப்போது நேராது.

கேள்வி: எங்கள் வீட்டில் தலைகீழாக இருக்கிறது. 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் வைஃபையில் 170 வருகிறது, கேபிளில் 94தான். கம்பி வேகமானது என்பது பொய்யா?
– ஒரு மாணவி, வேலந்தாவளம்

பதில்: பொய்யன்று. 94 என்ற எண்ணே இங்கு தடயம். உங்கள் கேபிள் இணைப்பு 100 மெகாபிட்டில் நின்றுவிட்டது. ரவுட்டரிலோ கணினியிலோ உள்ள லேன் போர்ட் 100 மெகாபிட் மட்டுமே தாங்குவதாக இருக்கலாம். இல்லையேல், கேபிளின் நான்கு இணைகளில் ஒன்று அறுந்திருக்கலாம். ஜிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) நான்கு இணைகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். முதலில் வேறொரு நல்ல கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் 94 என்றால், இரு கருவிகளின் விவரக் குறிப்பிலும் லேன் போர்ட் ஜிகாபிட்டா என்று பார்த்து, எது 100 மெகாபிட்டோ அதை மட்டும் மாற்றினால் போதும்.