கொயில் போய்விட்டது என்றவுடன் காசை எடுக்காதீர்கள்

கேள்வி: விசுவமடுவில் தோட்டம் செய்கிறேன். அப்பா வாங்கிய பழைய ஜப்பான் வோட்டர் பம்ப் ஒன்று இருக்கிறது. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடுவது. மாரி முழுக்கக் கொட்டிலில் கிடந்தது. இப்போது கயிறு இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம், ஒரு சத்தமும் இல்லை. கராஜில் கொயில் போய்விட்டது, வேறு கொயில் போடவேண்டும் என்கிறார்கள். இன்னொருவர் கிடந்தபடியே விலைக்குக் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, இரண்டு பேரிடமும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொயில் என்பது பிளக்குக்குக் கறன்ற் எழுப்பும் கம்பிச் சுற்று. மாரிக்கு முன் ஒழுங்காக ஓடிய மெஷினில், சும்மா கிடந்து அது எரிவது குறைவு. பழுதாவது அநேகமாக அந்தக் கறன்றை விட்டுவிட்டு வெட்டும் பொயின்ற்தான். அதுவும் பழுதென்று இல்லை, ஊத்தை.

முதலில் பிளக்கைக் கழற்றி மணந்து பாருங்கள். காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. அது காபரேற்றர் கதை, கறன்ற் கதை இல்லை. நனைந்து மண்ணெண்ணெய் மணத்தால், போன தடவை மெஷினை மண்ணெண்ணெயிலேயே நிற்பாட்டியிருக்கிறீர்கள். காபரேற்றர் கிண்ணத்தில் கிடப்பதைத் திறந்து ஊற்றிவிட்டுப் புதுப் பெற்றோல் விடுங்கள். குளிர்ந்த மெஷின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. யுத்தத்தில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில் பெற்றோலைச் சின்னப் போத்தலில் மருந்து மாதிரி வைத்து நாலு சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணியது உங்கள் அப்பாவுக்கு ஞாபகமிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் பொறி. எண்ணெய்க் குழாயை மூடி, சிந்தியதைத் துடைத்து, கொஞ்ச நேரம் ஆவி போகவிடுங்கள். பிளக்கைக் கப்பில் செருகி, அதன் உலோக உடம்பை எஞ்சின் தலையில் முட்டவைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு இன்னொருவரைக் கயிறு இழுக்கச் சொல்லுங்கள். ரப்பரில் பிடியுங்கள், இல்லாவிட்டால் அடிக்கும். நிழலில் பாருங்கள். நீலமாக ‘டிக்’ என்று வெடித்தால் கறன்ற் சரி. செம்மஞ்சளாக நூல்மாதிரி வந்தால் போதாது. ஒன்றுமே இல்லையென்றால், எஞ்சினை நிற்பாட்டும் சுவிச்சுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு இன்னொருதரம் இழுங்கள். கொட்டிலில் எலி அந்த வயரைக் கடித்து அது எஞ்சின் உடம்பில் முட்டிக்கொண்டிருந்தால், கடவுளே வந்து இழுத்தாலும் பொறி வராது.

அதற்கும் வராவிட்டால்தான் பொயின்ற். கயிறு இழுக்கச் சுழலும் கனத்த சில்லு, பிளைவீல், அதற்கு உள்ளே இரண்டு சின்ன உலோகக் குமிழ்கள் தொட்டுத் தொட்டு விலகும். விலகும் அந்தக் கணத்தில்தான் கொயிலில் கறன்ற் எழும்பிப் பிளக்குக்கு வருகிறது. ஈரத்தில் அவற்றின்மேல் ஒரு மெல்லிய படலம் பிடித்தால் கதை முடிந்தது. ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒருவர் மெஷினையும், காசு கொடுத்து வாங்கிய புதுக் கொயிலையும் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் இரண்டு குமிழ்களுக்கும் நடுவில் நசுங்கிய எறும்பு, அரிசிக் குறுநொய் அளவு. கடுதாசித் துண்டால் இழுத்தெடுத்தேன், மூன்றாவது இழுவையில் பிடித்தது. புதுக் கொயிலைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.

பழைய மெஷின்கள் சிலவற்றில் பிளைவீலில் ஒரு யன்னல் இருக்கும், அதற்குள்ளால் வேலை பார்க்கலாம். இல்லாவிட்டால் சில்லை இழுத்தெடுக்கும் புல்லர் போட்டுத்தான் கழற்றவேண்டும். சுத்தியலைத் தூக்குகிற ஆளிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள். மெல்லிய அரத்தாளை மடித்து இரண்டுதரம் இழுத்து, பிறகு பெற்றோலில் நனைத்த வெள்ளைக் கடுதாசியால் கறுப்பு வராதமட்டும் துடையுங்கள். முழுதாக விலகி நிற்கும்போது இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். பிளக்கில் 0.6 – 0.7. இடைவெளி அளக்கும் தகடு, பீலர் கேஜை இரவல் வாங்குங்கள், கண்ணளவு வேண்டாம்.

கொயில் உண்மையிலேயே போகிற சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் மெக்கானிக்மாரை வீணாகத் திட்டுவதாகிவிடும். குளிரில் உடனே பிடித்து, அரை மணித்தியாலம் இறைத்து, சூடேறியதும் நின்று, ஆறும்வரை அசையாமல், ஆறியதும் திரும்ப ஓடினால் கொயிலைச் சந்தேகிக்கலாம். சூட்டில் உள்ளே சுற்றிய கம்பியின் காப்பு விட்டுவிடும். அப்போதும் கொண்டென்சரை, அதாவது பொயின்ற் விலகும்போது கருகாமல் காக்கும் சின்னப் பாகத்தை, முதலில் மாற்றிப் பாருங்கள். அதுவும் சூட்டில் இதே குணம் காட்டும், விலையோ கொயிலில் ஒரு சின்னப் பங்குதான். கொயில்தானா என்று உறுதிப்படுத்த, நின்ற உடனேயே, ஆறவிடாமல், பொறி பார்க்கவேண்டும். ஆறிய பிறகு பார்த்துப் பிரயோசனமில்லை, பொறி வரும். உங்கள் மெஷின் குளிரிலேயே பிடிக்கவில்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? அப்படியானால் இது உங்களுக்கில்லை.

விலைக்குக் கேட்கிறவரைப் பற்றி. 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனபோது, இந்த மாதிரி மெஷின்கள் மூலைக்குப் போயின. அதைப் பார்த்துத்தான் இவர்கள் கொட்டில் கொட்டிலாகத் திரிகிறார்கள். பழைய இரும்பு விலைக்கு வாங்கி, பொயின்றைத் துடைத்து, பெயின்ற் அடித்து அடுத்த ஊரில் விற்பார்கள். கராஜிலும் கவனம்: கொயில் மாற்றினால் பழையதைக் கையோடு கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், அது இன்னொருவர் மெஷினில் ஓடப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பெயர்பெற்ற பிளக் என்று பெட்டியில் இருந்தாலும் போலி வருகிறது. எழுத்து மங்கலாக, புரி கரடாக இருந்தால் வேண்டாம்.

கராஜ் பொடியன்களைக் குறை சொல்லியும் பயனில்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வாழ்வாதார உதவி என்று எத்தனையோ பம்புகள் வந்தன. கையளித்துப் படம் எடுத்தார்கள். உதிரிப்பாகம் எங்கே வாங்குவது, யார் திருத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவை பொயின்ற் இல்லாத மெஷின்கள், பழுதென்றால் கொயிலை முழுதாக மாற்றுவதுதான். அதில் தொழில் பழகியவனுக்கு உங்கள் அப்பாவின் மெஷினும் ‘கொயில் மாற்று’ என்றுதான் தெரியும்.

துடைத்த பிறகும் பொறி வராவிட்டால், பொயின்ற் குமிழ்கள் கருகிக் குழி விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். குழி இருந்தால் கொண்டென்சர்தான் பழுது.