இவ்வளவு செம்பு இருந்தும் சாம்பியா ஏன் இன்னும் ஏழை நாடாகவே இருக்கிறது? ஊழல்தான் காரணமா?

ஊழலும் ஒரு காரணம், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊழல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் அந்த நாட்டின் வரைபடத்தை ஒரு தடவையாவது உற்றுப் பார்த்திருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். நான் சில வருடம் கிட்வே நகரத்தில் சரக்குப் போக்குவரத்து வேலையில் இருந்தேன். சுரங்கத்திலிருந்து வரும் செம்புத் தகடுகளை லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும், திரும்பும் லாரி காலியாக வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதனால் என் பதில் கொஞ்சம் லாரிக் கணக்காகத்தான் இருக்கும்.

சாம்பியாவுக்குக் கடல் கிடையாது. சுற்றிலும் எட்டு நாடுகள். போதாததற்கு வடக்கே காங்கோவின் ஒரு துண்டு உள்ளே நீட்டிக்கொண்டு நாட்டை இடுப்பில் கிள்ளிவைத்த மாதிரி இருக்கும். காலனிக்காரர்கள் அன்றைக்குப் போட்ட கோடு. கிட்வே இருக்கிற செம்புச் சுரங்க மாகாணமான காப்பர்பெல்ட்டிலிருந்து லுவாபுலா மாகாணத்துக்குக் குறுக்கு வழியில் போக வேண்டுமானால் காங்கோவுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும், சொந்த நாட்டுக்குள் போவதற்கு! கிழக்கே தான்சானியாவின் தாருஸ்ஸலாம் துறைமுகம் ஏறக்குறைய 2,000 கி.மீ., தெற்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் அதைவிடத் தூரம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு டிரெய்லரில் சுமார் 30 டன் ஏற்றலாம். செம்பு டன் 9,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் வண்டியில் இருக்கும் சரக்கு 2,70,000 டாலர். சில ஆயிரம் டாலர் வாடகை அதற்குத் தூசு. அதே டிரெய்லரில் 30 டன் மக்காச்சோளம் ஏற்றினால், டன்னுக்கு 200, 250 டாலர் கிடைக்கிற பொருள், சரக்கின் மொத்த விலையில் பெரும்பகுதியை வாடகையே தின்றுவிடும். மலிவான சட்டையோ பிளாஸ்டிக் சாமானோ தயாரித்து ஏற்றுமதி செய்து முன்னேறிய நாடுகளைப் பார்த்து, சாம்பியாவும் அப்படிச் செய்யலாமே என்கிறார்கள். அந்த நாடுகளுக்கெல்லாம் வாசலில் கடல் இருந்தது. இங்கே அத்தனை தூரம் போயும் லாபம் தருவது அநேகமாகச் செம்பு மட்டும்தான். ஏற்றுமதி வருமானத்தில் 70 சதவீதம் போல அதிலிருந்தே வருவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, தூரம்தான் காரணம்.

செம்பின் விலையை முடிவு செய்வது லண்டன் சந்தை. விலை ஏறினால் தலைநகர் லுசாகாவில் கட்டடம் எழும்பும், இறங்கினால் நாட்டு நாணயமான குவாச்சா விழும்.

அரசியலும் இந்தத் தூரத்தோடு மல்லுக்கட்டிய கதைதான். 1964-ல் சுதந்திரம், கென்னத் கவுண்டா ஜனாதிபதி. (நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி, இல்லை, அவருக்கும் கோயம்புத்தூருக்கும் சம்பந்தமில்லை.) அடுத்த வருடமே பக்கத்து ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) இயன் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு தானே சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. சாம்பியாவின் செம்பு போகிற ரயில் பாதை அந்த நாட்டு வழியாக. எதிரியின் வீட்டு வாசல் வழியாகத்தான் நம் வருமானம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? 1973-ல் எல்லையும் மூடப்பட்டது. மாற்று வழியாகச் சீனா கடன் கொடுத்துக் கட்டியதுதான் தாருஸ்ஸலாமிலிருந்து சாம்பியாவின் கபிரி ம்போஷி வரை 1,860 கி.மீ. ஓடும் தஸாரா ரயில் பாதை. 1970-ல் தொடங்கி 1975-ல் தண்டவாளம் போட்டு முடித்தார்கள். அதற்குள் செம்பு விலை சரிந்திருந்தது. பாதை கிடைத்தபோது விலை இல்லை.

அப்புறம் சுரங்கங்கள். 1960-களின் கடைசியில் விலை நன்றாக இருந்த நேரத்தில் அரசாங்கம் 51 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. பிறகு வந்த வருடங்களில் வருமானம் குறைந்தது, இயந்திரங்களைப் புதுப்பிக்கப் பணமில்லை. வருடம் சுமார் 7 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 2000 வாக்கில் இரண்டரை லட்சம் டன் அளவுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான், விலை தரைமட்டத்தில் கிடந்தபோது, உலக வங்கி, ஐஎம்எஃப் நெருக்கடியில் சுரங்கங்களைத் தனியாருக்கு விற்றார்கள். விற்ற நாலைந்து வருடத்தில் சீனாவின் தேவையால் விலை எகிறியது. உச்சத்தில் வாங்கி அடிமட்டத்தில் விற்கிற பங்குச்சந்தைக்காரரை நாம் என்ன சொல்வோமோ அதைத்தான் நான் இதற்கும் சொல்வேன். கொங்கோலா சுரங்கம் 2004-ல் வேதாந்தா கைக்குப் போனது, 2019-ல் அரசு அதைப் பறித்தது, 2024-ல் திரும்பக் கொடுத்தது. தூத்துக்குடியைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

கடன் விஷயத்தில் மட்டும் வரைபடத்தைக் குற்றம் சொல்ல முடியாது. 2005-ஐ ஒட்டிப் பழைய கடனில் பெரும்பகுதி தள்ளுபடியானது. அடுத்த பத்து வருடத்துக்குள், 2012, 2014, 2015 என்று மூன்று தடவை டாலர் பத்திரம் விற்று 300 கோடி டாலர் திரட்டினார்கள், சீனாவிடம் வேறு தனியாக. 2020 நவம்பரில் வட்டி கட்ட முடியாமல் கைவிரித்தார்கள். இங்கே ஊழல், தேர்தலுக்காகப் போட்ட சாலைகள் என்று நீங்கள் சொல்வதெல்லாம் பொருந்தும்.

ஆனால் அரசாங்கம் என்றால் நல்லதும் சொல்ல வேண்டும். 27 வருடம் ஆண்ட கவுண்டா 1991-ல் தேர்தலில் தோற்றதும் வீட்டுக்குப் போனார். 2011-லும் 2021-லும் பதவியில் இருந்தவர்கள் தோற்று இறங்கினார்கள். இப்போதைய ஜனாதிபதி ஹிச்சிலேமா ஜெயித்தது ஆறாவது முயற்சியில். அந்த வட்டாரத்தில் இது சாதாரணமில்லை.

மின்சாரத்தையும் சொல்லாமல் விட முடியாது. பெரும்பகுதி நீர்மின்சாரம், சாம்பேசி நதியையும் அதன் துணை நதி கஃபுவேயையும் நம்பித்தான் எல்லாம். 2024-ல் மழை பொய்த்து கரீபா அணையில் தண்ணீர் வற்றியபோது என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் இரவு ஒரு மணிக்கு எழுந்து துணி இஸ்திரி போட்டதாகச் சொன்னார், அப்போதுதான் கரண்ட் வருமாம். பெரிய சுரங்கங்கள் வெளிநாட்டிலிருந்து மின்சாரம் வாங்கிச் சமாளித்தன. முடிவெட்டும் கடைக்காரரும் வெல்டிங் பட்டறைக்காரரும் எங்கே போய் வாங்குவது?

வழியே இல்லையா என்றால், என் கணக்குப்படி ஒன்று உண்டு, கிட்வேயிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. தூரத்திலேயே. கசும்பலேசா எல்லையைத் தாண்டினால் காங்கோவின் சுரங்க நகரங்கள், லுபும்பாஷி, கொல்வேசி. அங்கே காசு புழங்குகிறது, சாப்பாடு வெளியிலிருந்து வர வேண்டும். 30 டன் மக்காச்சோளத்துக்குக் கட்டுப்படியாகிற தூரம் அது. ஆனால் உள்நாட்டில் மாவு விலை ஏறினால் எந்த அரசும் தாங்காது, அங்கே மூன்று வேளையும் ந்ஷிமா என்கிற மக்காச்சோள மாவுக் களிதான், அதனால் விளைச்சல் குறைகிற வருடமெல்லாம் ஏற்றுமதிக்குத் தடை போடுவார்கள். தடை போட்ட நாட்களிலும் மாவு மூட்டைகள் போகாமல் இருந்ததில்லை. எங்கள் செம்பு லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும், பக்கத்துப் புதர்ப் பாதையில் சைக்கிள்கள் கேரியரில் இரண்டு மூன்று மூட்டைகளைக் கட்டிக்கொண்டு காங்கோ பக்கம் போய்க்கொண்டே இருக்கும்.